நூறு சீடிக்கு எத்தனை பவுண்

கானா நாட்டுச் சீடிக்கும் நைஜீரியா நாட்டுப் பவுணுக்கும் இடையிலான மாற்று விகிதத்தை மனதில் சுமந்துகொண்டு கிளிநொச்சியில் ஒரு காலத்தில் ஒரேயொருவன்தான் திரிந்தான். அது நான். அந்த இரண்டு நாடுகளையும் நான் கண்டதில்லை. கொழும்பையே அதுவரை இரண்டு தடவைதான் கண்டிருந்தேன், அதில் ஒரு தடவை கண்ணாஸ்பத்திரியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அறுபதுகளின் நடுப்பகுதியில், பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று "குளத்துத் தண்ணி எப்ப திறக்கினமாம்?" என்று கேட்டால், நான் பதில் சொல்ல அரை நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் நான் மேற்கு ஆபிரிக்காவில் இருப்பேன்.

எல்லாம் என் தங்கச்சியின் கலியாணத்தால் வந்தது.

குடாநாட்டிலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கமம் செய்த குடும்பம் எங்களுடையது. அந்த நாட்களில் படித்த வாத்திமார் பலர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். இங்கே கிடைக்கும் சம்பளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அங்கே என்று கதை. ஆகவே கலியாணத் தரகர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சால்வையால் கதிரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, இரண்டு சாதகக் குறிப்புகளை ஐயாவின் கையில் கொடுத்தபோது, இரண்டுமே ஆபிரிக்கா மாப்பிள்ளைகளாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ஒருவர் முள்ளியவளைக்காரர், கானாவில் படிப்பித்தார். மற்றவர் குடாநாட்டுக்காரர், நைஜீரியாவில் படிப்பித்தார். சாத்திரியார் பார்த்தார். இரண்டும் பொருந்தியது. குடும்பம் விசாரித்தோம். இரண்டும் நல்ல குடும்பம். ஆகக் கடைசியில் மிஞ்சியது சம்பளம்தான்.

கானாக்காரருக்கு மாதம் நூற்றைம்பது சீடி. நைஜீரியாக்காரருக்கு அறுபது பவுண்.

"எதடா தம்பி பெரிசு?" என்று ஐயா என்னைக் கேட்டார்.

அவர் என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எஸ்.எஸ்.சி. பரீட்சையில் மற்றப் பாடங்களில் நான் எப்படிச் சித்தியடைந்தேன் என்பது விடைத்தாள் திருத்தியவர்களுக்கே விளங்கியிருக்காது. ஆனால் கணக்கில் எனக்குத் திறமைச் சித்தி. அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படங்களின் வரிசையில் ஆணியடித்துக் கொழுவியவனும் நானேதான். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஐயாவோடு வயலில் மண்வெட்டி பிடித்ததுதான் என்றாலும், எங்கள் பகுதியில் கணக்கு என்றால் நான் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அதைப் பரப்பியவனும் நான்தான்.

அடுத்தநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக்குப் போனேன். கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் "சீடியோ? அதென்ன சீடி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு உள்ளே போய், தலைமைக் கந்தோரிலிருந்து வந்த தாள் கட்டொன்றை எடுத்துவந்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டி, இரண்டு சீடி நாற்பது சதம் ஒரு பவுண் என்றார். நைஜீரியாப் பவுணும் இங்கிலாந்துப் பவுணும் ஒன்றுதான் என்றும் சொன்னார். ஆனையிறவு வருவதற்கிடையில் பஸ்ஸிலேயே கணக்கை முடித்துவிட்டேன். நூற்றைம்பது சீடி என்றால் அறுபத்திரண்டரைப் பவுண். கானா இரண்டரைப் பவுணால் முன்னுக்கு நின்றது.

வீட்டுக்கு வந்து, நெல்மூட்டை அடுக்கும் அறையின் கதவில் கரிக்கட்டியால் பெரிய எழுத்தில் 2.40 = 1 என்று எழுதினேன். தாளில் எழுதியிருக்கலாம். தாளில் எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஐயா முள்ளியவளைப் பக்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை அடுத்த ஆவணியில் லீவில் வரும்போது கலியாணம் என்று முடிவாயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சின்னதாக ஒரு முள் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாப்பிள்ளையை எங்களுக்கு முன்பே தெரியும். அவர் கானாவுக்குப் போவதற்கு முதல், முள்ளியவளையில் எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்தில், பந்தியில் ரசம் ஊற்றியவர் அவர்தான். என் இலைக்கு வந்ததும் வாளி சரிந்தது. அன்றுதான் முதல்முறை உடுத்த பட்டுக்கரை வேட்டி, அரையிலிருந்து கணுக்கால் வரை ரசம். மனுசன் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினார், ஓடிவந்த வேகத்தில் தண்ணீரையும் என் மேலேயே ஊற்றினார். பெண்கள் பந்தியில் இருந்த தங்கச்சி சிரித்தாள். விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவள் பக்கம் பார்த்தார். அவளும் பார்த்தாள். நான் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

தங்கச்சிக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை மாப்பிள்ளை ஐயாவுக்கு நீலநிற ஆகாயக் கடிதம் எழுதுவார். கடைசி வரியில் "தங்கள் மகளுக்கும் என் அன்பான விசாரிப்புகள்" என்று இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் ஓட்டுவாள். என்னுடைய பழைய தேசப்படப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்த நாடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே நேரம் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் என்று கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம், எனக்குச் சோறு போடும்போது, குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, "இப்ப அங்கை விடியுது" என்பாள். அம்மா தலையில் குட்டுவதுபோல் கையை ஓங்குவா. ஐயா கேட்காததுபோல் மோரை ஊற்றிக்கொள்வார். நான் சீடியைக் கணக்குப் பார்த்ததுபோல் அவள் நேரத்தைக் கணக்குப் பார்த்தாள், அவளுடைய கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை.

அடுத்த பங்குனி. காலபோக நெல்வெட்டு முடிந்து, களத்தில் மாடு விட்டுச் சூடு மிதித்துக்கொண்டிருந்தோம். தபால்காரர் களத்துக்கே வந்து கடிதத்தைத் தந்தார். ஐயாவின் கையெல்லாம் பதர் என்பதால் நான்தான் பிரித்து வாசித்தேன். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, பிறகு இப்படி எழுதியிருந்தார்: "இங்கே ஆட்சி மாறியதால் காசையெல்லாம் மாற்றிவிட்டார்கள். பழைய தலைவரின் படம் போட்ட தாள் இனிச் செல்லாது. இந்த மாதத்திலிருந்து எனக்குச் சம்பளம் நூற்றிருபத்தைந்து சீடி."

நூற்றைம்பது, நூற்றிருபத்தைந்து ஆகிவிட்டது!

இந்த இடத்தில் என்னுடைய அறிவைக் கொஞ்சம் விளக்கவேண்டும். காசில் இருக்கும் தலை மாறுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் நாட்டுத் தாளில் ராசாவின் தலை இருந்தது, அது போய் ராணியின் தலை வந்தது, பிறகு அதுவும் போனது. எந்தத் தலை வந்தாலும் ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகவே இருந்தது, அதற்கு ஒரு கொத்து அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே கானாவிலும் தலைதான் மாறியிருக்கிறது, சீடி சீடிதான் என்று முடிவு செய்தேன். சீடி மாறவில்லை என்றால் குறைந்தது சம்பளம்தான். வாத்தியாரின் சம்பளத்தை ஏன் குறைப்பார்கள்? ஏதோ பிழைவிட்டிருக்கிறார். ரச வாளியைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாதவர்!

களத்திலிருந்து நேரே கதவடிக்குப் போனேன். கரிக்கட்டி எடுத்து வகுத்தேன். ஐம்பத்திரண்டு பவுணும் சொச்சமும். நைஜீரியா அறுபது. ஏறக்குறைய எட்டுப் பவுண் வித்தியாசம். விடையின் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

ஐயா தயங்கினார். "சொல்லுக் குடுத்திட்டமெல்லோ" என்றார். அம்மா தங்கச்சியைப் பார்த்தா. தங்கச்சி குசினி வாசலில் நின்றாள்.

"அண்ணை, ஒருக்கா எழுதிக் கேளுங்கோ. பதில் வர மூண்டு கிழமைதான்" என்றாள்.

அவள் அந்த விஷயத்தில் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"கணக்குக் கண்ணுக்கு முன்னாலை கிடக்கு. இதிலை கேக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், கதவைக் கையால் தட்டியும் காட்டினேன். இதை எழுதும்போதும் அந்தக் கையை வெட்டிப்போடலாமா என்று இருக்கிறது.

தரகருக்கு என் திறமையில் அளவற்ற மதிப்பு. நைஜீரியாப் பகுதியிலிருந்து அவருக்குக் கிடைக்கக்கூடிய தரகு கூட என்பது அப்போது எனக்குத் தெரியாது. "உங்கடை மகன் இருக்கவேண்டிய இடம் கொழும்பு" என்று ஐயாவிடம் சொன்னார். நானும் தரகருமாக மாங்குளத்தில் பஸ் மாறி முள்ளியவளைக்குப் போனோம். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்காதான் எல்லாம். அவா பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தா. சம்பளம் குறைந்ததால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. கணக்குக்குத் துணிவு வேண்டியதில்லை, சொல்வதற்கு வேண்டும். ஆகவே இன்னொரு சாத்திரியாரிடம் காட்டினோம், குறிப்பில் ஒரு சின்ன வில்லங்கம் என்று ஒரு பொய் சொன்னேன். அவா பனங்கட்டித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்றா.

அன்றைக்குப் பிறகு தங்கச்சி மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். அங்கே விடிந்ததா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஒரு மாதம் கழித்து மறுபடி வங்கிக்குப் போனேன். எட்டுப் பவுணுக்கு எத்தனை ரூபாய் என்று சரியாகத் தெரிந்துகொண்டு ஐயாவின் தயக்கத்தைப் போக்கலாம் என்பது நான் வீட்டில் சொன்ன காரணம். உண்மைக் காரணம், சீடியைப் பற்றி என்னோடு கதைக்கக்கூடியவர் இலங்கையிலேயே அந்தக் கிளார்க் ஒருவர்தான் என்பது. என்னைக் கண்டதும் "சீடித் தம்பி வந்திட்டார்" என்று பக்கத்து மேசைக்காரருக்குச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"உங்கடை சீடி மாறிப்போச்சுத் தம்பி" என்றார். "பழசை ஒதுக்கிப்போட்டுப் புதுசு அடிச்சிருக்கினம். பழசு ஒண்டே கால் குடுத்தாத்தான் புதுசு ஒண்டு." தாளைப் பார்த்துத் திருத்தினார். "இல்லை, ஒண்டு இருபது. இப்ப இரண்டு சீடிதான் ஒரு பவுண்."

நான் அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வகுத்தேன். கரிக்கட்டி வேண்டியிருக்கவில்லை. நூற்றிருபத்தைந்தை இரண்டால் வகுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அறுபத்திரண்டரை. பழைய அதே அறுபத்திரண்டரை. மனுசனின் சம்பளம் ஒரு பென்சுகூடக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து நல்ல வீரனைப்போல் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, தேங்காய்த் தும்பை நனைத்துக் கதவை அழித்தது. கரி அழியவில்லை, பரவியது. முன்பு எண்களாக இருந்த இடம் இப்போது கரிய படலமாயிற்று. அதன் பிறகு ஒரு கிழமை வாய் திறக்காமல் வயலில் ஒளித்துக்கொண்டேன். அந்த ஒரு கிழமை மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. அவள் ஒருதடவையாவது "இப்ப அங்கை விடியுது" என்று சொல்லமாட்டாளா என்று ஏங்கினேன்.

கடைசியில் கேட்டது அவள்தான். "கதவிலை எழுதினதை ஏன் அண்ணை அழிச்சனீங்கள்?"

சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. "மூண்டு கிழமைதான் கேட்டனான்" என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐயா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "நீ போட்ட கணக்கு. நீயே போய்ச் சொல்லு" என்றார். நான் முதலில் தரகரிடம் சொன்னேன். அவர் சொன்னதை இங்கே எழுதமுடியாது. நைஜீரியாப் பகுதியோடு நாங்கள் இன்னும் சொல்லு மாற்றியிருக்கவில்லை, அது ஒன்றுதான் நல்ல காலம். அந்த மாப்பிள்ளைக்கு அவர் வேறு இடத்தில் பார்த்துக் கொடுத்துவிட்டு, எங்கள் ஒழுங்கைப் பக்கமே வராமல் விட்டார். முள்ளியவளைக்குத்தான் போகக் கால் வரவில்லை. சித்திரைச் சிறுபோக விதைப்பைச் சாக்காகச் சொன்னேன். காய்ச்சலைச் சாட்டினேன். குறிப்பில் வில்லங்கம் என்று சொன்ன வாயால் போய் என்ன சொல்வது? ஆடியில் நைஜீரியாவில் உள்நாட்டுச் சண்டை தொடங்கியதாகப் பேப்பரில் வந்தது. என் கணக்கில் வென்ற நாடு அது. சண்டைக்கென்று கதவில் நான் ஒரு கோடுகூட ஒதுக்கியிருக்கவில்லை.

ஆவணியில் கானாக்காரர் லீவில் வந்து நிற்கிறார் என்று காதில் விழுந்தது. அன்று மாலை தங்கச்சி என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு முள்ளியவளைக்குப் போறீங்கள். நானும் வாறன்."

பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போவது எங்கள் ஆட்களிடம் இல்லாத வழக்கம். அம்மா தலையில் கைவைத்தா. ஐயாதான், "போகட்டும். இவனைத் தனிய அனுப்பினால் இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டு வருவான்" என்றார்.

படலையைத் திறந்தவர் மாப்பிள்ளைதான். கறுத்து மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருடைய கண் முதலில் போனது என் வேட்டிக்கு. பிறகு என் பின்னால் நின்றவளைக் கண்டார், படலையை மூட மறந்துவிட்டார். அக்கா கதிரை போட்டா. நான் உட்காரவில்லை.

"கணக்குப் பிழைச்சுப் போச்சு அக்கா" என்றேன்.

"எந்தக் கணக்குத் தம்பி? நீங்கள் குறிப்பெல்லோ பிழை எண்டு சொன்னனீங்கள்?"

நாலு மாதமாக ஒத்திகை பார்த்த பேச்சு அந்த இடத்திலேயே செத்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், கதவு, தலை மாறினாலும் ரூபாய் மாறாத எங்கள் தாள், நான் சொன்ன பொய், எல்லாம். ரசத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அதுவும் வந்துவிட்டது. அக்காவின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

மாப்பிள்ளை தேத்தண்ணியை என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, ஸ்டூலில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நானும் ஒண்டு சொல்லவேணும். பிறகு மறைச்சதெண்டு வரக்கூடாது. அப்ப என்ரை சம்பளம் குறையேல்லை. இப்பதான் குறைஞ்சது. போன மாசம் சீடியை இறக்கிப்போட்டினம். முந்தி நூறு சீடிக்கு ஐம்பது பவுண். இப்ப முப்பத்தஞ்சு. நீங்கள் பிழையாப் போட்ட கணக்கிலும் பாக்கக் குறைவு."

அக்கா என்னைப் பார்த்தா. "என்ரை தம்பி உள்ளதைச் சொல்லிப்போட்டான். இனி நீங்கள் என்ன சொல்லுறியள்?"

என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் என் வெட்கங்கெட்ட மூளை அந்த நேரத்திலும் வேலை செய்தது. நூறுக்கு முப்பத்தைந்து என்றால், இருபத்தைந்துக்கு எட்டே முக்கால். வாய் என்னை அறியாமலே திறந்தது.

"நாப்பத்து மூண்டே..."

"எனக்கு விருப்பம் அக்கா" என்றாள் தங்கச்சி. "அண்ணை கணக்கை ஆறுதலாப் பாக்கட்டும்."

திரும்பி வரும்போது மாங்குளத்தில் பஸ்ஸுக்காக நின்றோம். நல்ல வெயில். கடைக்காரர் வானொலியில் மத்தியானச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அவளோடு எப்படிக் கதை தொடங்குவது என்று தெரியாமல், ஐந்து மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இப்ப அங்கை விடியுதோ பிள்ளை?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"அங்கை விடிஞ்சால் எனக்கென்ன, இருண்டால் எனக்கென்ன அண்ணை? அவர் முள்ளியவளையிலையெல்லோ நிக்கிறார்."